பனியாற்றுப் படத்துக்குக் கீழே ஆண்டைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் சுவிஸ் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் பேர்ணில் இருந்து படித்தேன். செர்மாட்டிலிருந்து சென் மொரிட்ஸ் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் ரோன் பனியாற்றை, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரளை, இருக்கையில் இருந்தபடியே பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு படம்: மலைவளைவில் ஒரு ஹோட்டல், அதை உரசிக்கொண்டு பள்ளத்தாக்கை நோக்கித் தொங்கும் பனி. இரண்டுமே இன்றைய நிலைமை அல்ல. 1982ஆம் ஆண்டில் ஃபுர்கா மலைக்கு அடியால் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு அந்த ரயில் பனியாற்றுப் பக்கம் போவதே இல்லை. படமோ ஏறக்குறைய நூறு வருடம் பழையது.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம், என் சுவிஸ் வாழ்க்கை தொடங்கியதே அந்த மலையடியில்தான். 1986இல், இருபத்தைந்து வயதில், வாலிஸ் மாநிலத்தின் மேல்கோடியான கோம்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். மொழி தெரியாது. குளிர் பழக்கமில்லை. அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை ஓய்வுநாளில் என்னைத் தன் காரில் ஏற்றி ஃபுர்கா கணவாய்க்குக் கொண்டுபோனார். உயரம் 2,429 மீற்றர். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பெல்வெடேர் ஹோட்டல் வளைவில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். சில நிமிடத்திலேயே பனி வந்துவிட்டது. அதற்குள் குகை வெட்டியிருந்தார்கள். பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தக் குகையை ஒவ்வொரு வருடமும் புதிதாக வெட்டவேண்டும். உள்ளே போனால் நாலு பக்கமும் நீலம். சுவரில் உள்ளங்கையை வைத்தேன், எடுக்க மனம் வரவில்லை. வெளியே வந்ததும் சமையல்காரர் கீழே 1,757 மீற்றரில் கிடந்த கிளெட்ஷ் குடியிருப்பைக் கைகாட்டி, அந்தக் காலத்தில் பனி அங்குவரை போனது என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத்தான் அவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது கதையாகத்தான் பட்டது.

2022 ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா வந்தார். கைப்பையில் ஒரு பத்திரிகை நறுக்கு. அதிலும் இதே படம், ரயிலில் இருந்து தெரியும் என்ற இதே வாசகம். நான் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. சரி, போய்ப் பார்க்கட்டும் என்று பிரிக்கில் சாதாரண சிவப்பு ரயிலில் ஏறினோம். அக்கா சன்னலோரம், கையில் நறுக்கு. ஓபர்வால்ட் கழிந்ததும் இருட்டு. அந்தச் சுரங்கம் 15.4 கிலோமீற்றர். ஏறத்தாழ கால் மணி நேரம் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேயால்ப்பில் வெளிச்சம் வந்தபோது, பனியாறு எங்கள் தலைக்கு மேலே எங்கோ பின்னால் போயிருந்தது.

சுரங்கத்தை வெட்டியதில் தவறில்லை. 1926இல் முழுமையான பழைய மலைப்பாதையில் குளிர்காலத்தில் ரயில் ஓட முடியாது. ஸ்டெஃபன்பாக் என்ற இடத்திலுள்ள பாலத்தைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மடித்து வைப்பார்கள், இன்றைக்கும் அப்படித்தான். சுரங்கம் வந்ததும் கைவிடப்பட்ட அந்தப் பாதையைத் தொண்டர்கள் துண்டு துண்டாகச் செப்பனிட்டு, 2010இல் ஓபர்வால்ட் வரை முழுவதும் திறந்துவிட்டார்கள். 1947இல் வியட்நாமுக்கு விற்ற பழைய நீராவி எஞ்சின்களைக்கூட 1990இல் தேடிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ரயிலில் போய்த்தான் அந்த மலையைப் பார்க்கவேண்டும் என்பவர்களுக்குக் கோடையில் ஓடும் அந்த நீராவி ரயிலைச் சொல்லுங்கள்.

நாங்கள் அன்று அன்டர்மாட்டில் இறங்கி, மஞ்சள் தபால் பஸ்ஸில் கணவாய்க்கு மேலால் திரும்பினோம். கோடையில் மட்டும், நாளுக்குச் சில தடவைகளே ஓடும் பஸ். குருட்டு வளைவுகளுக்கு முன் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கிறார் சாரதி. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருக்கும் இந்த மாதிரி வீதிகளில் மற்ற வாகனக்காரர்கள் அவர் சொற்கேட்கவேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு எதிரே வந்த காரை அவர் ஒரு கையசைவில் பின்னுக்கு எடுக்கவைத்தார். அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. அந்த உயரத்தில் காற்று ஐதாகிவிடும், வயதானவர்கள் மெதுவாக நடக்கவேண்டும்.

உச்சியைக் கடக்கும்போது அவருக்கு விளக்கினேன். வந்த பக்கம் விழும் தண்ணீர் ரொய்ஸ் ஆற்றில் சேர்ந்து, ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. போகிற பக்கம் விழுவது ரோன் ஆறாகி, ஜெனீவா ஏரிக்குள் புகுந்து, மத்தியதரைக் கடலில் முடிகிறது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறில்லாத ஊரில பிறந்து இப்பிடி ஒரு இடத்தையும் பாத்திட்டன்" என்றார்.

பெல்வெடேர் நிறுத்தத்தில் இறங்கினோம். ஹோட்டல் சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. அக்கா நறுக்கைப் பிரித்தார், ஹோட்டலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"தம்பி, படத்தில இருந்த ஐஸ் எங்கையடா?"

ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருந்தது வெறும் பாறை. வழுவழுவென்று தேய்ந்த சாம்பல் நிறப் பாறை. 1986இல் நான் பனியைத் தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு ஏரி. அதற்கு அப்பால்தான் பனி தொடங்குகிறது. அதன் ஓரத்தில், குகைக்கு மேலே, வெயில் படாமல் வெள்ளைத் துணிகளைப் போர்த்தியிருந்தார்கள். கிழிந்தும் அழுக்கேறியும் கிடந்தன. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டின மாதிரி இருக்கு." அதற்கு மேல் அவர் நடக்க விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அந்த வருடம் சுவிஸ் பனியாறுகளுக்கு மிகக் கெட்ட வருடம். குளிர்காலத்தில் பனி குறைவாகப் பெய்தது. வசந்தத்தில் சகாராப் புழுதி வந்து படிந்து பனியைக் கறுக்கவைத்தது. அதன்மேல் கடும் கோடை. ஒரே வருடத்தில் நாட்டின் பனியாறுகள் தம் கன அளவில் 6 சதவீதத்தை இழந்தன. 2023இல் இன்னும் 4 சதவீதம். ரோன் பனியாற்றை 1874இலிருந்து அளந்து வருகிறார்கள். யாரும் ஊகித்துச் சொல்வதல்ல இது.

என்னைக் கணவாய்க்குக் கூட்டிப்போன சமையல்காரர் அதே மாநிலத்தின் லொட்ஷன்டால் பள்ளத்தாக்கு ஆள். அங்கேதான் பிளாட்டன் கிராமம். 2025 மே 28ஆம் திகதி பிற்பகல், மேலே இருந்த மலை இடிந்து பிர்ச் பனியாற்றின்மேல் பாரமேற்ற, பனியும் பாறையுமாகச் சேர்ந்து இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. சில நாள் முன்னதாகவே சுமார் 300 பேரையும் வெளியேற்றியிருந்ததால் பேரழிவு தவிர்ந்தது. ஆனாலும் ஒருவர் இறந்துபோனார். செய்தியைக் கேட்டதும் சமையல்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். தன் தாய் பிறந்த வீடு மண்ணுக்குள் என்றார். ஊரை இழந்தவனோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. "நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அல்ப்ஸ் மலைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுங்கள், நம்மவர்கள் வந்து பார்க்கட்டும். ஆனால் பனியாற்றுப் படம் போடும்போது அது எந்த ஆண்டு எடுத்தது என்று கீழே போடுங்கள். ரோன் பனியாற்றைப் பார்க்க விரும்புபவர்கள் ஜூன் முதல் ஒக்டோபர் வரை, வீதி திறந்திருக்கும் காலத்தில், கணவாய்க்கு மேலால் பஸ்ஸில் வரவேண்டும் என்று எழுதுங்கள். ஓகஸ்டிலும் ஒரு தடித்த குளிர்ச்சட்டை தேவை.

இத்துடன் இரண்டு படங்களை அனுப்புகிறேன். இரண்டும் பெல்வெடேர் வளைவின் அதே கல்மதிலில் நின்று எடுத்தவை. 1986 படத்தில் கடன் வாங்கிய கோட்டுடன் நிற்பது நான், பின்னால் தெரிவது பனி. 2022 படத்தில் நிற்பது அக்கா, பின்னால் தெரிவது ஏரி. இடமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஆண்டுகளோடு போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சமையல்காரர் ஒருவர்,
பேர்ண், சுவிற்சர்லாந்து.