மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்துச் சபைகளிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளின் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவ ஊழியத்துக்குப் போகிறவர்களை ஆராதனையில் முன்னால் நிறுத்தி, ஜெபித்து, சால்வை போர்த்தி அனுப்புகிறோம். கையில் காணிக்கைக் கவர், கூடவே நாலைந்து அட்டைப்பெட்டிகள். காணிக்கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது அதன் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும், நோயாளிகளிடமிருந்து திரும்பி வந்த மருந்தும் இலவச சாம்பிளும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் சேர்த்து அனுப்புவதோ பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். ஆறு மாத்திரை மிச்சமுள்ள அட்டையை வைத்து அங்குள்ள மருந்தாளுநர் யாருக்கும் முழு வேளை மருந்து கொடுக்க முடியாது. காலாவதியானதை முறைப்படி அழிக்கும் செலவும் அந்த ஆஸ்பத்திரியின் தலையில்தான் விழுகிறது.

பெரிய சிக்கல் கருவிகளில். கொரோனா காலத்தில் வாங்கி, இப்போது மூலையில் கிடக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) அனுப்ப எல்லோருக்கும் ஆசை. நல்ல ஆசைதான். நிமோனியா வந்த குழந்தைக்கு அதைவிட உதவுகிற பெட்டி வேறில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அனுப்பினால், கொடுத்தவருக்கும் தெரியாமல், வாங்கியவருக்கும் தெரியாமல் குழந்தைக்கு வெறும் காற்று போய்க்கொண்டிருக்கும்.

காரணம் இதுதான். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி, ஜியோலைட் மணிகள் நிரப்பிய இரண்டு குழாய்களுக்குள் மாற்றி மாற்றிச் செலுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, 93 சதவீத அளவில் ஆக்சிஜன் வெளியே வருகிறது. இந்த ஜியோலைட்டுக்கு எதிரி ஈரம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தாலோ, ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தாலோ மணிகள் ஈரத்தைக் குடித்து, நைட்ரஜனைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். அப்போதும் கம்ப்ரஸர் ஓடும், ஓட்டத்தின் அளவைக் காட்டும் மீட்டரில் குண்டு 5 லிட்டரில் நிற்கும், மூக்குக் குழாயில் காற்று வரும். அது 50 சதவீதமா 90 சதவீதமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 82 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஆனால் அந்த வசதி எல்லா மாடலிலும் இல்லை. ஆகவே கான்சன்ட்ரேட்டர் அனுப்புகிறவர்கள், ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் கையடக்க ஆக்சிஜன் அனலைசர் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் இங்கேயே அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்து பார்ப்பது அதைவிட முக்கியம்.

பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுதாகக் காயவைத்து மாட்ட வேண்டும். புழுதி அதிகமுள்ள ஊரில் வாரம் இரண்டு முறை. கருவியைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறி, கம்ப்ரஸர் ஆயுள் குறையும். பச்சிளம் குழந்தைக்கு நிமிடத்துக்கு அரை முதல் 1 லிட்டரும், ஒரு வயதுக்கு உட்பட்ட மற்றக் குழந்தைகளுக்கு 1 முதல் 2 லிட்டரும் பெரும்பாலும் போதும் என்பதால், ஆக்சிஜனைப் பல குழாய்களுக்குப் பிரித்துத் தரும் ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் மாட்டினால் 5 லிட்டர் கருவி ஒன்று நான்கு சிறு குழந்தைகளின் கட்டில்களுக்கு உதவும். நாலு கருவி அனுப்புவதற்குப் பதிலாக ஒரு கருவியும் ஒரு ஸ்ப்ளிட்டரும் பழுதுபார்க்கும் பாகங்களும் அனுப்புவது புத்திசாலித்தனம்.

அடுத்தது கரண்ட். கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் என்றால் கணக்குப்படி 1800 வாட்-மணி. பேட்டரி கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம், இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் இரண்டு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். அதுவும், லைன் கரண்டைப் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் முனகிக்கொண்டே சூடாகும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் எதையும் சொருகக் கூடாது.

அமெரிக்காவிலுள்ள உறவினர் மூலமாக வரும் கருவிகளுக்கு இன்னொரு ஆபத்து. அவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வோல்டேஜ்தான் இறங்குமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது; 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் மெதுவாகச் சுற்றி, அழுத்தம் குறைந்து, கூடுதலாகச் சூடாகும். பிளக் விஷயத்தையும் சின்னது என்று விடக்கூடாது. கென்யா, மலாவி, சாம்பியாவில் பிரிட்டன் பாணியில் மூன்று சதுர முனை பிளக். நம் உருளை முனை பிளக் அதில் போகாது. உடனே யாராவது பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரை உரித்துத் தீக்குச்சியை வைத்துச் சொருகுவார். நம்மூரிலும் இதைப் பார்க்காதவர் யார்! எர்த் வயர் அங்கேயே செத்துப்போகும். சரியான பிளக்கை இங்கேயே மாட்டி அனுப்ப டவுன் ஹால் ரோட்டில் ஒரு சாயங்காலம் அலைந்தால் போதும்.

கரண்டே இல்லாத நேரத்துக்கு சிலிண்டர். 7000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்தால் ஏறக்குறைய ஒரு நாள் வரும். ஆனால் வால்வு வகை நாட்டுக்கு நாடு மாறுகிறது, இங்கிருந்து கொண்டுபோன ரெகுலேட்டர் அங்கே பொருந்தாமல் போகலாம். பொருந்தவில்லை என்று எண்ணெயோ கிரீஸோ தடவித் திருகுவது தற்கொலைக்குச் சமம். அழுத்தத்திலுள்ள ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

ஆபரேஷன் தியேட்டரில், கருவிகளையும் துணிகளையும் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பற்றி ஒரு வார்த்தை. 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, துணியில் சுற்றிய பொதிகளுக்கு 30 நிமிடம் என்பது எல்லா நர்ஸுக்கும் பாடம். கெடுவது எங்கே என்றால், உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் வால்வை மூடும்போது. முள் 15ஐக் காட்டும், வெப்பம் 121ஐ எட்டியிருக்காது. நீராவி தொடர்ந்து சீறி வந்த பிறகே மூட வேண்டும், அழுத்தம் ஏறிய பிறகே நேரத்தை எண்ண வேண்டும். பொதிகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் ஆவி போகாது. ஈரத்தோடு எடுத்த பொதி, கை பட்ட இடத்திலிருந்து கிருமியை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பொதியில் ஒட்டும் அடையாள டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்று நம்பிவிடவும் கூடாது; சூடு பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது.

உயரமான ஊர்களில் இன்னொரு கணக்கு. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பல ஊர்கள் கொடைக்கானல் உயரம், சில அதற்கும் மேலே. 7000 அடியில் மீட்டரில் 15 பவுண்டு என்றால் உள்ளே 117 டிகிரிதான். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு வீதம் கூட்டி 18.5 வைக்க வேண்டும், பாத்திரமும் சேஃப்டி வால்வும் அதற்கு ஏற்றதாக இருந்தால் மட்டும். ஏற்றதில்லை என்றால் நேரத்தை நீட்ட வேண்டும். சமவெளியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

ஆகவே பெட்டிக்குள் என்ன போகலாம்? அங்குள்ள ஆட்டோகிளேவின் மாடலுக்குரிய மூடி கேஸ்கட் இரண்டு, ஹீட்டிங் எலிமென்ட் ஒன்று, கான்சன்ட்ரேட்டர் ஃபில்டர்கள், குழந்தை அளவு மூக்குக் குழாய்கள், ஃப்யூஸ், ஸ்டெபிலைசர், ஒரு மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து இருபது கிலோ வராது. எந்த மாடல் என்று ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். டாக்டரிடம் கேட்டால் "எதுவானாலும் சரி, அனுப்புங்கள்" என்றுதான் பதில் வரும்.

கருவிகளைவிட மேலானது, கருவி தெரிந்த ஆள். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பதற்கென்றே பயிற்சி நடக்கிறது, வெளிநாடுகளிலிருந்தும் வந்து படிக்கிறார்கள். அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் உள்ளூர் இளைஞர் ஒருவரை இதுபோன்ற பயிற்சிக்கு வரவழைத்து, பயணச் செலவையும் சாப்பாட்டையும் ஒரு சபை ஏற்கலாமே. டாக்டரையும் நர்ஸையும் மட்டும்தான் 'ஊழியர்' என்று எண்ணுகிறோம். ஸ்பானர் பிடிக்கிறவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தியதாக நினைவில்லை.

கடைசியாக, போனவரின் ஓய்வு. ஒரே டாக்டர் உள்ள ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் என்ற பேதம் கிடையாது. அவர் விடுமுறைக்கு ஊர் வந்தால் "ஊழியத்தை விட்டுட்டு வந்துட்டாரே" என்று முணுமுணுக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. 1834இல் மதுரையில் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள், நோயிலும் வெயிலிலும் ஆட்களை இழந்துதான், 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். விடுமுறையில் வருகிறவரைச் சபை சபையாகக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைப்பதைக் குறைத்து, அந்த ஆறு வாரத்துக்கு அவருக்குப் பதிலாக இங்கிருந்து ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவரை அனுப்பலாம். தற்காலிகப் பதிவு, மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு தரும் அத்தாட்சி) அல்லது தூதரக அத்தாட்சி எல்லாவற்றுக்கும் மாதங்கள் ஆகும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். டிசம்பரில் போக வேண்டியவருக்கு மே மாதமே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மிஷன் ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுதுபார்ப்போர் சிலர்,
பசுமலை, மதுரை.