பர்லியோடு மோத யாரும் வரவில்லை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. அதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிச் சோதித்துப் பார்க்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நிஜமாகவே கெட்டிக்காரனாக இருந்தால் என்றைக்காவது உலகச் சாம்பியன் பட்டத்துக்கான ஒரு சண்டை கிடைக்காமலா போகும்?" என்று கேட்டிருந்தாய். நானும் நீயும் எத்தனையோ ராத்திரி குத்துச்சண்டை பேசியிருக்கிறோம், ஆனால் சார்லி பர்லியைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை போலிருக்கிறது. அவனுக்கு வாய்ப்பு கிடைக்காமல் போனதற்கு அவன் கெட்டிக்காரத்தனமே பாதிக் காரணம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்காரன், கறுப்பன். 1936-ல், ஹிட்லர் நடத்திய பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு எதிராக பார்சிலோனாவில் ஒரு மாற்று ஒலிம்பிக்ஸ் ஏற்பாடானது. அதில் கலந்துகொள்ள பர்லி கப்பலேறிப் போனான். போன நேரத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு குத்துகூட விடாமல் ஊர் திரும்பினான். அதே வருடம் தொழில்முறைச் சண்டையில் இறங்கிவிட்டான்.

அதே பிட்ஸ்பர்க்கில் ஃபிரிட்சி சிவிக் என்று ஒருவன். இருவரும் மூன்று முறை மோதியதில் பர்லி ஜெயித்தது இரண்டு. ஆனால் 1940-ல் சாம்பியன் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கோடு வெல்டர்வெயிட் என்ற எடைப்பிரிவின் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு சிவிக்குக்குப் போனது, அவனும் ஜெயித்துவிட்டான். இப்போது பர்லிதானே அடுத்த சவாலாக இருக்கவேண்டும்? சிவிக் தரப்பு பர்லியின் ஒப்பந்தத்தையே விலைக்கு வாங்கிவிட்டது என்பார்கள். இரண்டு பேரும் ஒரே தரப்பின் கையில் இருந்தால் அப்புறம் மோதல் ஏது? இதைவிட மலிவாகப் பட்டத்தைக் காப்பாற்ற முடியாது.

அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர். 1941-ல் சிவிக்கிடமிருந்து பட்டத்தைப் பறித்த ரெட் காக்ரேன் கடற்படையில் சேர்ந்துவிட்டான். அதற்கு அடுத்த எடைப்பிரிவான மிடில்வெயிட்டின் சாம்பியன் டோனி ஸேலும் அப்படியே. இரண்டு பட்டமும் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அதே வருடங்கள்தான் பர்லி உச்சத்தில் இருந்த காலம்.

அந்தச் சமயத்தில் அவன் யாரோடெல்லாம் மோதினான் தெரியுமா? 1942-ல் தன்னைவிட ஏறக்குறைய 70 பவுண்டு கூடுதலான ஜே. டி. டர்னர் என்ற ஹெவிவெயிட்டோடு, அதாவது மிக அதிக எடைப்பிரிவுக்காரனோடு. ஆறு ரவுண்டுக்குமேல் டர்னரால் தாங்க முடியவில்லை. 1944-ல் ஹாலிவுட்டில், பின்னாளில் சாம்பியனான ஆர்ச்சி மூரைத் திரும்பத் திரும்பத் தரையில் விழவைத்துப் பத்து ரவுண்டுச் சண்டையில் ஜெயித்தான். தான் மோதியவர்களிலேயே பர்லிதான் சிறந்தவன் என்று மூர் பிற்பாடு சொன்னான்.

பர்லியின் சண்டைகளில் ஓடும் படமாக மிஞ்சியிருப்பது ஓக்லண்ட் பில்லி ஸ்மித்தோடு 1946-ல் மோதியது. மங்கலான கறுப்பு வெள்ளை. கைகள் இரண்டையும் இடுப்பருகே தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். கால் அதிகம் நகராது. ஸ்மித் குத்து விடும்போது தலையைக் கொஞ்சமாகப் பின்னால் இழுப்பான். குத்து மூக்கருகே வந்து தீர்ந்துபோகும். அடுத்த நொடி எங்கிருந்தோ பர்லியின் வலது கை வந்து இறங்கும். ஒரு சாம்பியனின் மேனேஜராக நீ அதைப் பார்த்தால் உன் ஆளை இவனிடம் அனுப்புவாயா? ஜெயித்தால் பெரிய பெயர் இல்லை, தோற்றால் பட்டமே போச்சு. வசூலும் பெரிதாக இருக்காது, ஏனென்றால் இவன் கூட்டத்துக்காகச் சண்டை போடுகிறவன் அல்ல.

நிறம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆம்ஸ்ட்ராங்கும் கறுப்பர்தான், ரே ராபின்சனும் கறுப்பர்தான், இருவரும் சாம்பியன்கள். ஆனால் கறுப்பனாகவும் இருந்து, பலமான மேனேஜரும் இல்லாமல், பார்க்க அழகில்லாத பாணியில் ஜெயிப்பவனாகவும் இருந்தால் கதவு திறக்காது. இப்படிக் கதவடைக்கப்பட்டவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள்: ஹோல்மன் வில்லியம்ஸ், லாயிட் மார்ஷல், எடி புக்கர், கோகோ கிட். 'கொலைகாரர்கள் வரிசை' என்று இவர்களுக்குப் பெயர். வேறு யாரும் மோத வராததால் தங்களுக்குள்ளேயே மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். பர்லியும் ஹோல்மன் வில்லியம்ஸும் மட்டும் ஏழு முறை. ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று முடிவில்லை. எனக்கென்னவோ அந்த ஏழும் ஏழு பட்டச் சண்டைகள்தான்.

வாய்ப்பு வந்தாலும் எப்படி வரும் என்பதற்கு மூரையே பார். 1952 டிசம்பரில்தான் அவனை லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்ஸிமோடு மோத விட்டார்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் மாக்ஸிமுக்கு ஒரு லட்சம் டாலர் நிச்சயம். பட்டத்தை ஜெயித்த மூரின் கையில் மிஞ்சியது 800 டாலர்!

இவர்களுக்கு முந்தைய கறுப்பு ஹெவிவெயிட் வீரன் ஹாரி வில்ஸ் கதை கொஞ்சம் வேறு. அங்கே நிறம்தான் முழுக் காரணம். 1910-ல் கறுப்பு சாம்பியன் ஜாக் ஜான்சன் ஒரு வெள்ளையனை ஜெயித்தபோது வெடித்த கலவரத்தை நினைத்து, கறுப்பரோடு ஹெவிவெயிட் பட்டச் சண்டை வைக்கப் பல வருடம் யாருக்கும் தைரியம் வரவில்லை. வில்ஸ் அப்போதைய சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு ஒப்பந்தம்வரை போய் அதுவும் நடக்கவில்லை. ஆனால் முன்பணமாக வந்த 50,000 டாலரை வில்ஸ் திருப்பித் தரவில்லை. பிறகு ஹார்லமில் கட்டடங்கள் வாங்கி வாடகையில் வசதியாக வாழ்ந்தான். எனக்கு அவனை நினைத்தால் வருத்தத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது.

பர்லிக்கு அப்படி எதுவும் இல்லை. 98 சண்டை, 83 வெற்றி, ஒருவன்கூட அவனை நாக் அவுட் செய்ததில்லை. 1950-ல் ஓய்வுபெற்று பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலை பார்த்தான். சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் பெயர் சேர்ந்தது 1992-ல். அதே வருடம் அக்டோபரில் இறந்துபோனான்.

இன்னொரு பழைய கறுப்பு வீரன் சாம் லாங்ஃபோர்டைப் பற்றி இதில் எழுத ஆரம்பித்தால் தபால்தலை போதாது, அது அடுத்த கடிதத்துக்கு. பொங்கலுக்கு நீ வருவதாக இருந்தால் டிக்கெட் போட்டதும் சொல். ஸ்மித் சண்டைப் படத்தைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன், உட்கார்ந்து பார்க்கலாம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்