அம்மாவின் மூணு சென்ட்

கேத்தி பாலாடா, நீலகிரி,
ஜனவரி 9

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் இந்தப் பள்ளத்தில் பாதியிலேயே அறுந்துபோகிறது. அதனால் பொறுமையாகத் தாளில் எழுதி, எதிர்வீட்டுப் பையனைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லப் போகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம். இன்று காலையும் வாசல் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஏப்ரலில் ஊருக்கே வந்துவிடுகிறோம், புது வீட்டுப் பின்னால் இயற்கைத் தோட்டம் போடப் போகிறோம் என்று சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாய். படித்தேன். செடிப்பை 40, தென்னை நார்க்கழிவுக் கட்டி, கடல்பாசித் திரவம், மண்புழு உரம் பாக்கெட், பேர் வாயில் நுழையாத பாட்டில் நாலு. எதையும் ஆர்டர் போடாதே கண்ணு. இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுவதே அதற்குத்தான். ஆர்கானிக் என்று எழுதிய பாட்டில் ஒன்றை நானும் ஒரு கடையில் வாங்கினேன். அடித்த மறுநாள் பீன்ஸ் கொடியில் அசுவினியும் இல்லை, சிலந்தியும் இல்லை, பொறிவண்டும் இல்லை. மூக்கில் ஏறிய பூச்சிமருந்து வாடை எனக்கு 25 வருஷப் பழக்கம். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரரைக் கேட்டதற்கு, பலன் கிடைத்ததா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

சரி, உன் மண்ணுக்கு வருகிறேன். வீடு கட்ட மேட்டை வெட்டித் தளம் எடுத்தோம் இல்லையா? அப்போது கறுப்பு மேல்மண் எல்லாம் அடியில் போய்விட்டது. அடியில் கிடந்த செம்மண் மேலே வந்துவிட்டது. மலையில் புது வீடு கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கதைதான், கட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. போதாததற்கு மேஸ்திரி கலவைக் கழிவை வடக்குச் சுவர் ஓரமாகவே கொட்டிவிட்டார். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? அம்மா வேலியோரம் நட்ட ஹைட்ரேஞ்சியா எல்லாம் நல்ல நீலத்தில் பூத்தது, சுவர் ஓரத்தில் நட்டது மட்டும் ரோஸ். எல்லாம் ஒரே செடியிலிருந்து ஒடித்த குச்சிகள். புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும், சுண்ணாம்புச் சத்து ஏறினால் ரோஸாகிவிடும். சுவர் ஓரத்து மண்ணைக் கிளறினால் சிமெண்ட் கட்டி கட்டியாக வந்தது. நாலு சாக்கு வாரி வெளியே போட்டேன்.

பூவை மட்டும் நம்பாமல் மண் பரிசோதனைக்கும் கொடுத்தேன். ஏழெட்டு இடத்தில் மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, ஆங்கில 'வி' மாதிரி அரை அடி ஆழம் வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். அரைக்கிலோ மிஞ்சுகிற வரைக்கும் இப்படியே. மண்ணின் புளிப்பைக் காட்டுகிற pH அளவு 5.1 என்று வந்தது. நீலகிரி மண்ணுக்கு இது அதிசயம் இல்லை. தேயிலை இதில் குஷியாக வளரும். முட்டைக்கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் இது ஆகாது. கோஸ் வேர் உருண்டு உருண்டு வீங்கிச் செடி வாடுகிற நோய் புளிப்பு மண்ணில்தான் கும்மாளம் போடும். அதனால் புளிப்பைக் குறைக்க டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் வாங்கி வைத்திருக்கிறேன். சதுர மீட்டருக்கு 200 கிராம் கணக்கு. நாலடிக்குப் பத்தடிப் பாத்திக்கு முக்கால் கிலோ வரும். பிப்ரவரியில் அதைப் போட்டுவிட்டு, ஒரு மாசம் கழித்துத்தான் எரு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எருவில் இருக்கிற தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் டோலமைட் கிடையாது. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் கிழங்குத் தோல் சொறி பிடிக்கும்.

பள்ளத்துக் காட்டிலிருந்து நல்ல கறுப்பு மண் ஒரு லோடு அடிக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடு. கறுப்பாகத்தான் இருக்கும், அதோடு உருளைக்கிழங்கு வேரைத் தாக்குகிற நூற்புழுவும் வரும். 1961-இல்தான் அதை இந்த மலையில் முதலில் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் முத்து ஒட்டியிருக்கும். அது காய்ந்து பழுப்பாகி மண்ணில் விழுந்தால், உள்ளே இருக்கிற முட்டை வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலத்துக்குப் போகக் கூடாது என்று தடை வந்ததே இதனால்தான். பூட்ஸில் ஒட்டிய மண் போதும் அது பரவ. மண் வெட்டுகிற என் கொத்தையே கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் உன் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். கிழங்கு போட ஆசையாக இருந்தால் நூற்புழுவைத் தாங்குகிற குஃப்ரி சுவர்ணா ரகத்தைத் தேடுவோம், முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

இதெல்லாம் உனக்குப் புது விஷயமாகத் தெரிகிறது. ஆனால் நீ வளர்ந்ததே இயற்கைக் காய்கறியில்தான். நாம் குத்தகைக்கு ஓட்டிய ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளையும் போட்டேன். வாரம் ஒரு மருந்து, மழை பெய்தால் மறுபடியும். அன்றைக்கு உன்னைக் காட்டுப் பக்கம் வரவிட மாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் அடிப்பேன். சாயங்காலம் குளித்தபின்னும் சோப்பு வாசனையை மீறி அந்த வாடை வரும். நாம் இருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் அம்மாவுக்கு மூணு சென்ட் இருந்தது. அங்கே மருந்து டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் குழம்புக்குக் காய் பறிக்க ஒரு நாளும் அவள் என் காட்டுக்கு வந்ததில்லை. அவள் பாத்தியில் விளைந்ததை நாம் சாப்பிட்டோம். என் காட்டில் விளைந்ததை மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை கட்டி அனுப்பினேன். இந்த மலையில் அப்படி வாழ்ந்தது நாம் மட்டுமில்லை. அதற்காக அது சரியாகிவிடாது. அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பற்றிப் பெருமையாக எழுதியாச்சா என்கிறாள். எழுதியாச்சு.

பிறகு நானும் மருந்தை விட்டேன். முதல் வருஷமே கெட்டிக்காரத்தனம் காட்டினேன். உரம் இல்லை, சரி, கோழி எரு அடிப்போம் என்று நாமக்கல் பக்கத்து லாரியில் ஒரு லோடு இறக்கினேன். தொட்டால் கை சுட்டது. ஆறவிடாமல், மக்கவிடாமல் அப்படியே மண்ணில் கலந்து கேரட் விதைத்தேன். பாதி முளையிலேயே கருகியது. மீதியைப் பிடுங்கினால் ஒரு கேரட்டுக்கு இரண்டு கால், மூணு கால், ஒன்று ஜட்டி போட்ட பொம்மை மாதிரி. மண்டியில் எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். இயற்கை எருவும் பச்சையாகப் போட்டால் விஷம்தான். இப்போது மாட்டு எருவை ஆறு மாசம் குவித்து வைக்கிறேன். கையில் எடுத்தால் சாண வாடை போய் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். மொட்டுக் காளான் பண்ணையில் கழித்துப் போடுகிற உரமும் இங்கே கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் அதில் உப்பு அதிகம், ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து நனைந்தபின் போடலாம்.

உனக்கு இந்த வருஷம் மூணு பாத்தி போதும். பேச்சுக் கேட்டு உற்சாகத்தில் அரை ஏக்கர் என்று மாப்பிள்ளை கிளம்பினால் நீதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். பஞ்சகவ்யம் பற்றியும் கேட்டார். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூணு லிட்டர் என்று கலந்து அடித்தால் இலை கறுகறுவென்று வரும், உண்மை. ஆனால் இந்தக் குளிரில் அது புளிக்கவே சமவெளியைவிட ரொம்ப நாள் ஆகும். மண் தேறாமல் அதன் பின்னால் ஓடுவது, சோறு போடாமல் டானிக் கொடுக்கிற மாதிரி. மூணு பாத்தியிலும் இப்போது நான் செய்வது ஒரே வேலை, கிக்கியு புல்லின் வேரைப் பொறுக்குவது. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மே மாசத்தில் உன் முள்ளங்கியை மூடிவிடும். பிடுங்கியதைப் பாறை மேல் போட்டுச் சுக்காக உலர்த்துகிறேன். மண்ணை மூடிவைக்கிற மூடாக்குக்குச் சில்வர் ஓக் சருகு நாலு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைக் கிட்டே சேர்க்காதே, அது கிடக்கிற இடத்தில் வேறு செடி முளைப்பது கஷ்டம்.

நீங்கள் வருகிற சமயம் கோடை மழை விழுந்திருக்கும், கார்போகம் ஆரம்பம். முதலில் முள்ளங்கி. அது பேரனுக்காக. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், 45 நாளில் பிடுங்கலாம், அவனும் பொறுமை இழக்க மாட்டான். அப்புறம் பீன்ஸ், பட்டாணி, பீட்ரூட், நூக்கல், கீரை. வேலி மூலையில் மேரக்காய், அதாவது சௌசௌ. இரண்டடிக் குழி எடுத்து எரு போட்டு, முளை விட்ட முழுக் காயையே வைக்க வேண்டும். நீ தக்காளிக்கு ஆசைப்படுவாய் என்று தெரியும். ஜூன் மழையில் இலை கருகி அழுகும். கூரை போட்டால்தான் ஆகும், அது அடுத்த வருஷம். பதிலுக்கு மரத்தக்காளி ஒன்று வைத்துவிட்டேன். உறைபனி படாமல் இருக்க அதற்குக் கோத்தகிரி மிலார் செடிக் கொத்துகளைக் குடை மாதிரி சுற்றிலும் நட்டிருக்கிறேன், ஊட்டி பூங்காவில் பூச்செடிகளுக்கு வைப்பார்களே, அதுவேதான். காலையில் வெயில் படுவதற்கு முன்னால் இலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுகிறேன். உறைந்த இலையில் நேராக வெயில் அடித்தால் வெந்த கீரை மாதிரி ஆகிவிடும்.

பூச்சிக்கு மருந்து என்ன என்று கேட்டிருந்தாய். முதல் மருந்து டார்ச் லைட். காலையில் போய்ப் பார்த்தால் கோஸ் நாற்று யாரோ கத்தியால் அறுத்த மாதிரி படுத்திருக்கும். செடியைப் பார்த்து அழாதே, தண்டைச் சுற்றி ஒரு விரல் ஆழம் கிளறு. சாம்பல் நிறத்தில் வளைந்து சுருண்டு கிடப்பான், வெட்டுப்புழு. எடுத்துக் கோழிக்குப் போடு. நத்தைக்குச் சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்துவிட்டு விடிந்ததும் புரட்டினால் போதும், ஓடில்லாதவை கூட்டமாக ஒட்டியிருக்கும். சாம்பல் தூவச் சொல்வார்கள், மழையில் நனைந்தால் அது வேலைக்கு ஆகாது. கோஸைச் சுற்றி அம்மா எப்போதும் கடுகு விதைப்பாள், தாளிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். முதுகில் வைர வடிவம் மூணு வரிசையாகத் தெரியுமே, அந்த அந்துப்பூச்சி கோஸை விட்டுவிட்டுக் கடுகில் போய் முட்டையிடும். அதைப் பிறகு வேளாண் அதிகாரி ஒருவர் கூட்டத்தில் விளக்கும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேப்பெண்ணெய் ஒரு பாட்டில் வைத்துக்கொள். இந்த உயரத்தில் வேப்பமரம் வளராது, கீழேயிருந்துதான் வாங்க வேண்டும். குளிரில் நெய்யாக உறைந்துவிடும், கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதே, வெந்நீரில் கொஞ்ச நேரம் வை. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்கால நேரத்தில் அடி.

சமையலறைக் கழிவைத் திறந்த குழியில் போடாதே. பழத்தோல் வாசனைக்குக் கரடி வரும், காட்டுப்பன்றி வரும். மூடி போட்ட செங்கல் தொட்டி ஒன்று கட்டிவிட்டேன், மேலே இரும்பு வலை. இங்கே மக்க அஞ்சு மாசம் ஆகும். காட்டுமாடு வந்தால் நீயோ பேரனோ விரட்டப் போகாதீர்கள். அது மேய்ந்துவிட்டுப் போகட்டும், பாத்தியை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

விதை அம்மாவிடம் இருக்கிறது, சாம்பலில் புரட்டிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். கொத்து இரண்டு, பூவாளி ஒன்று இருக்கிறது. பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கி வா. பேரன் காலுக்கு ரப்பர் பூட்ஸ். ஊட்டி, குன்னூர் எல்லாம் தேடிவிட்டேன், அவன் அளவுக்கு இல்லை. ஒரு அளவு பெரிதாகவே எடு.

இப்படிக்கு
அப்பா