சந்தையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில், மட்டக்களப்பிலுள்ள கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை ஒன்றின் மாணவர் சந்தைப் படம், பிள்ளைகளே பொருள் விற்றுக் காசுக் கணக்குப் பழகும் சந்தையின் படம், வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருத்தி என் பேத்தி. அவள் முகத்தில் பாதியைப் பிரதம விருந்தினரின் மாலை மறைத்துவிட்டது. படத்தின் கீழே ஒன்பது பேருடைய பெயரும் பதவியும் வரிசையாக இருந்தன. சந்தை வைத்த இருவருக்கும் பெயர் இல்லை.

படம் போட்டதற்காக உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அனுப்பியதைத்தானே போடுவீர்கள். பாடசாலையின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பேத்தி இன்னும் இரண்டு ஆண்டு அங்கே படிக்க வேண்டும். அதோடு, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் உறவினர்கள் கைபேசியில் அனுப்பும் படங்களிலும் இதே ரிப்பன், இதே குத்துவிளக்கு, இதே மாலைதான்.

நான் அரச பஸ்ஸில் 26 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். பெரும்பாலும் கல்முனை வீதிதான். கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலம் மட்டுமே இருந்த காலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். எதிர்ப்பக்கம் வந்து முடியும்வரை பஸ் காத்து நிற்கும். அந்த இடைவெளியில்தான் தோற்பையைத் திறந்து சில்லறையைப் பிரித்து வைப்பேன். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு நடத்துநர்களுக்கு அந்தச் சின்ன ஓய்வும் போய்விட்டது. எதற்குச் சொல்கிறேன் என்றால், மிச்சக்காசு கொடுப்பதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

பேத்தியின் மூன்றாம் தரத்து வகுப்பாசிரியை சந்தைக்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார். வீட்டிலிருந்து வெற்றுச் சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பைக்கற், பால்மாப் பெட்டி எல்லாம் கொண்டுவரச் சொன்னார். வகுப்பின் மூலையில் இரண்டு மேசையைச் சேர்த்து ஒரு கடை. மட்டையில் வெட்டிய காசு. ஒரு நாள் கடைக்காரராக இருந்த பிள்ளை மறுநாள் வாங்க வருபவர், அதற்கு மறுநாள் காசாளர். 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் சேர்த்து நடத்தச் சொன்னது. என் மகன் படித்த காலத்தில் எழுத்துவேலைதான் அதிகம் கண்டேன். இந்த ஆசிரியை மூன்றையும் நடத்துகிறார்.

பேத்திக்கு வராதது ஒரே ஒரு கணக்குத்தான். 500இலிருந்து 120ஐக் கழிக்கச் சொன்னால் பூச்சியத்திடம் கடன் கேட்டுப் போய் அழுகையோடு திரும்பி வருவாள். ஆசிரியை அவளுக்கு வேறு வழி காட்டியிருக்கிறார். கழிக்காதே, 120இல் நில். முப்பது வைத்தால் 150. ஐம்பது வைத்தால் 200. பிறகு நூறு நூறாக மூன்று தாள். அவள் கொப்பியைக் காட்டிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் கழித்தல் கணக்குச் செய்வார்கள்? நாங்கள் எல்லோரும் ஏறுமுகமாகத்தான் எண்ணினோம். எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் ஒரு கன்னியர். 1961இல் நான் இரண்டாம் வகுப்பு. மிசன் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டிருந்த நேரம், பெரியவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவரோ புளியங்கொட்டையைச் சதமாக வைத்து எங்களுக்குக் கடை நடத்திக்கொண்டிருந்தார். உண்மையான சதுர ஐந்து சதம் ஒன்றை மட்டும் மேசையில் வைத்திருப்பார். சரியாக மிச்சம் கொடுத்த பிள்ளை அதைச் சிறிது நேரம் கையில் வைத்திருக்கலாம். அவ்வளவுதான் பரிசு.

சந்தை நாளுக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. எங்கள் வளவிலிருந்து பொன்னாங்காணி 12 கட்டு, தேசிக்காய் 20. கீரை கட்டு 60 ரூபா, தேசிக்காய் ஒன்று 15 ரூபா. விலையை அவளே மட்டையில் எழுதினாள். சில்லறையாக 300 ரூபா கொடுத்து, அதையும் எண்ணி வாங்கச் சொன்னேன். பக்கத்து மேசையில் ஒருவன் மரவள்ளிக்கிழங்கு, அடுத்தவள் அவித்த கச்சான், நாவலடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கூனி. கூனியின் வாசத்துக்கு மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் பெரியவர்கள். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

எட்டரைக்குத் தொடங்க வேண்டிய சந்தை. பிரதம விருந்தினர் பத்து மணிக்குச் சற்று முன்னர் வந்தார். அதுவரை பிள்ளைகள் வெயிலில், மேசைக்குப் பின்னால், வெள்ளைச் சீருடையில். கீரை வாடத் தொடங்கியதும் என் பேத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கீரைக்குத் தெளித்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர். பிறகு மாலை, விளக்கு, ரிப்பன், ஐந்து பேச்சு. இன்றைய சிறுவர்கள் நாளைய தலைவர்கள் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் தன் பேச்சில் சந்தை என்ற சொல்லையே சொல்லவில்லை, அவருக்கு வேறு விழாவுக்கான தாளைக் கொடுத்துவிட்டார்களோ என்னவோ.

ரிப்பன் வெட்டிய பிறகு விருந்தினர்கள் மேசை மேசையாக வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அவர்களுக்கு ஏதாவது அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. என் பேத்தி இரண்டு கட்டுக் கீரையைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றாள். படம் எடுத்தார்கள். நீங்கள் போட்டது அந்தப் படம்தான். அவர்கள் நகர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்பப்பா, அவர் காசு தர மறந்துவிட்டாரா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

பெற்றோரையும் விட்டுவைக்க முடியாது. பாதிப் பேர் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு தாங்களே காசை வாங்கித் தாங்களே மிச்சம் கொடுத்தார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கைபேசிக்குச் சிரித்தது. ஒரு தாய் கடையில் வாங்கிய லீக்ஸையும் கரட்டையும் மகனின் மேசையில் அடுக்கி, கடைசியில் முழுச் சரக்கையும் தானே 2,000 ரூபாவுக்குத் திருப்பி வாங்கிக்கொண்டார். இதில் யார் யாருக்கு இலாபம் என்று ஒரு கணக்காளரைத்தான் கேட்க வேண்டும்.

நல்லவேளை, விருந்தினர்களுக்குத் தேநீர் கொடுக்க உள்ளே அழைத்துப் போனார்கள். பெற்றோரில் பலரும் பின்னால் போய்விட்டார்கள். சந்தை அப்போதுதான் தொடங்கியது. பக்கத்து மடத்திலிருந்து வயதான அருட்சகோதரி ஒருவர், பன் புல்லில் பின்னிய பன்பையோடு வந்தார். “அறுபதுக்கு இரண்டு கட்டுத் தருவாயா?” என்று கேட்டார். என் பேத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தவக்காலத்தில் பேரம் பேசக் கூடாது, சிஸ்டர்” என்றாள். நாங்கள் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகிற சைவக் குடும்பம். அவள் சமய பாட வேளையில் பக்கத்து வகுப்பறைக்குப் போய்த் தேவாரம் படிக்கிறவள். தவக்காலத்தைப் பற்றி அவளுக்கு யார் இப்படிச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சகோதரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு 500 ரூபாத் தாளை நீட்டினார். நான் வேப்பமரத்தடியில் இருந்தேன், எழும்பவில்லை. அவள் உதடு அசைவது தெரிந்தது. நூற்றைம்பது. இருநூறு. முந்நூறு, நானூறு, ஐந்நூறு. சகோதரியும் தன் பங்குக்கு ஒவ்வொரு தாளையும் மெதுவாக எண்ணிச் சரி பார்த்தார், கடைத்தெருவில் எண்ணுவது போல. பிள்ளையை மதிப்பது என்றால் அதுதான்.

பன்னிரண்டு மேசையில் அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதினால் உங்கள் பக்கம் போதாது. கச்சான்காரப் பிள்ளை சுண்டில் அளந்து கொடுத்தது, அளவு குறைந்ததென்று ஒருவன் சண்டைக்கு வந்தது, கூனிப் பையன் முதலில் விற்று முடித்துவிட்டு மரவள்ளிக்காரனுக்குக் கூவிக் கொடுத்தது. ஒரு படமும் இல்லை.

இதையெல்லாம் மேல்மாடி ஜன்னலிலிருந்து ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சந்தை கிடையாது, புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. எங்கள் அயல்வீட்டுப் பையன் அவர்களில் ஒருவன். அன்று அவர்களுக்கு மாதிரி வினாத்தாள். மாலையில் அதை என்னிடம் காட்டினான். ஒருவர் ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து இன்ன இன்ன காய்கறி வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று அதிலே ஒரு கேள்வி. அவன் பிழையாகச் செய்திருந்தான். கீழே அதே கணக்கு நடந்துகொண்டிருக்க, மேலே அவன் அதைத் தாளில் பிழையாகச் செய்துகொண்டிருந்தான். 200 புள்ளிக்கு நடக்கும் பரீட்சை முக்கியம்தான், வெட்டுப்புள்ளியின் கவலை எனக்கும் தெரியும். என் மகனுக்கு இரண்டு புள்ளியில் தவறியது, வீட்டில் ஒரு வாரம் சாவு வீடு மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு காலைப்பொழுது கீழே இறங்கி ஐந்து தேசிக்காய் விற்றுவிட்டுப் போனால் எத்தனை புள்ளி குறையும்?

வந்த காசில் விரும்பியதைத் தவக்கால உண்டியலில் போடலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் போட வேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தார். பேத்தி நூறு ரூபா போட்டாள். காலைக் கூட்டத்தில் ஒரு கதை சொன்னார்களாம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் கதை. அவற்றைக் கொண்டு ஐயாயிரம் பேர் சாப்பிட்டு, மிச்சம் பன்னிரண்டு கூடை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி. அந்தப் பையன் மீனை விற்கத்தான் கொண்டுவந்தானா? அந்தப் பன்னிரண்டு கூடை மிச்சம் அவனுக்குத் திரும்பக் கிடைத்ததா? எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அருட்சகோதரியைக் கண்டால் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பாடசாலையில் நத்தாருக்கு நடக்கும் ஒளி விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற மார்கழியில் இவள் இடையர்களில் ஒருத்தி. பேச்சு முடிந்து குடில் காட்சி வருவதற்குள் இடையர் மூவரும் மேடைக்குப் பின்னால் வைக்கோலில் நித்திரை. பெத்லகேமிலும் இடையர்களை எழுப்பித்தானே செய்தி சொன்னார்கள் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே, அதிபர்களிடமும் பெற்றோர் சங்கங்களிடமும் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விருந்தினரை அழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை ஓடு மாற்றுவதற்கும் மலசலகூடம் கட்டுவதற்கும் அவர்களுடைய தயவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சந்தை குறித்த நேரத்துக்குத் திறக்கட்டும். விருந்தினர் எப்போது வந்தாலும் மாலைக்குப் பதிலாக அவர் கையில் ஒரு வெறும் பன்பையைக் கொடுங்கள். அவர் காசு கொடுத்து வாங்கட்டும். பெரிய தாளாக நீட்டி, மிச்சம் வரும்வரை பொறுமையாக நிற்கட்டும். பெற்றோர் மேசைக்கு முன்னால் நிற்கட்டும், பின்னால் வேண்டாம். ஐந்தாம் தரத்தையும் கீழே இறக்குங்கள். உங்களிடம் கேட்பது, அடுத்த முறை படம் வந்தால் அதில் காசு எண்ணும் கை ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அன்றிரவு பேத்தியும் நானும் பாயில் இருந்து கணக்குப் பார்த்தோம். உண்டியலில் போட்ட நூறையும் சேர்த்து 1,205 ரூபா. நான் கொடுத்த சில்லறை 300, விற்ற கீரை பத்துக் கட்டுக்கு 600, தேசிக்காய் இருபதுக்கு 300. ஐந்து ரூபா கூடுதலாக இருந்தது. பஸ் கணக்கில் குறைந்தால் என் சம்பளத்தில் போகும், கூடினால் யாரோ ஒரு பயணியின் காசு என் பையில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த நாளிலும் கூடினால்தான் நித்திரை வராது. எங்கே பிழை விட்டாய் என்று கேட்டேன். அவள் பிழை விடவில்லை. பாடசாலையைக் கூட்டுகிற அம்மா ஒரு தேசிக்காய் வாங்கி இருபது ரூபா கொடுத்தாராம். அந்த நேரம் ஐந்து ரூபாக் குற்றி இவளிடம் இல்லை. கொப்பித்தாளைக் கிழித்து ‘5 ரூபா தர வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், நான் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்ததைப் போல. திங்கட்கிழமை காலை காசைக் கொடுத்துத் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். அது இப்போது என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.