பில் பாஸ் ஆகும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

ரயில் நிலைய மேம்பாட்டுப் பணிகளைத் திட்டமிட்டு, பார்வையிட்டு, முடிந்ததாகக் கையெழுத்திடும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

அம்ருத் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 2025 மே 22 அன்று திறந்த 103 நிலையங்களில் ஸ்ரீரங்கம், சிதம்பரம், பரங்கிமலை எல்லாம் உண்டு. எனக்கு அதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. இளம்பிள்ளைவாதத்தால் சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாதவள் நான். என்னை இடுப்பில் சுமந்துகொண்டு அம்மா மேம்பாலப் படி ஏறியதும், பாதியில் நின்று மூச்சு வாங்கியதும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் புதிதாக ஒரு சாய்தளத்தைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துவிடும்.

அப்படித்தான் போன கார்த்திகையில், புதுப்பித்த ஒரு நிலையத்துக்கு அண்ணன் மகனோடு போனேன். ஊர் பெயர் வேண்டாம். வாசலில் நல்ல சாய்தளம், இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி. ரயில் இரண்டாவது பிளாட்பாரத்தில். லிஃப்ட் இருந்தது, ஆனால் ராத்திரி ஆகிவிட்டதால் பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு போர்ட்டர் அண்ணன், சாமான் வண்டி தள்ளிப்போகும் வழியாக, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து கூட்டிப்போனார். நடுவில் முன்சக்கரம் தண்டவாள ஓரத்து இடுக்கில் இறங்கிவிட்டது. நாற்காலியோடு என்னைத் தூக்கி எடுத்தார் அவர். அப்போது அவர் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ரயில் வந்தது. உயரமான பிளாட்பாரம் என்றாலும் தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர்தான். பெட்டியின் தரையோ 120 சென்டிமீட்டருக்கும் மேலே. மிச்சம் ஒன்றரை அடியை வீல்சேர் எப்படி ஏறும்? மாற்றுத்திறனாளிகள் பெட்டி வழக்கமாக ரயிலின் ஏதாவது ஒரு கோடியில், கார்டு பெட்டியோடு சேர்ந்து வரும். அது எங்கே நிற்கும் என்று ஒரு பலகை இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஓடி, தூக்கி, ஏற்றி முடிக்க வேண்டும். அன்றைக்கு முன்பின் தெரியாத நாலு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் என் உடம்பில் யார் கை எங்கே படும் என்பதை நான் தீர்மானிக்க முடியவில்லை.

அதே நிலையத்தின் ஆய்வுப் படிவத்தில் சாய்தளம், லிஃப்ட், கைப்பிடி என எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கும். படிவத்தில் பொய் இருக்காது. ஆனால் என்னால் மட்டும் நானாக ரயில் ஏற முடியவில்லை. தனித்தனிப் பொருளாக எண்ணாதீர்கள், ஆட்டோவிலிருந்து இறங்கும் இடம் முதல் பெட்டிக்குள் உட்காரும் இடம் வரை வழி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பார்வையில்லாதவர் காலால் தடவி நடக்கும் மஞ்சள் ஓடு நேராகப் போய் ஒரு தூணில் முட்டினால், அந்த ஓடு இல்லாமலிருப்பதே மேல். பிளாட்பாரம் மாறியதை மைக்கில் மட்டும் சொன்னால், காது கேளாதவர் பழைய பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இதை நீங்கள் சலுகையாக நினைக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்கிறது. அந்த அணுகல் விதிகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே ஒப்பந்ததாரரின் கடைசி பில் பாஸ் ஆகும் முன், அந்த ஊரிலேயே நாலு பேரைக் கூப்பிடுங்கள். வீல்சேரில் ஒருவர், வெள்ளைக் கோலோடு ஒருவர், காது கேளாத ஒருவர், முட்டி வலியோடு ஒரு பாட்டி. அவர்களை டிக்கெட் எடுத்து ரயில் ஏறச் சொல்லி, கூடவே நடந்து பாருங்கள். பகலில் ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தடவை. எங்கே நின்றுபோகிறார்களோ அங்கே வேலை இன்னும் முடியவில்லை என்று எழுதுங்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள்.

என்னைக் கூப்பிட்டால் நான் வருகிறேன். ராத்திரி வண்டி என்றாலும் சரி.

இப்படிக்கு,
வீல்சேரில் வரும் ஒரு பயணி