ஞாயிறு ரயில் பாதை சவாரி: படித்துவிட்டு வாங்க

வணக்கம். சிங்கப்பூரின் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் சவாரி. ஞாயிறு காலை 7 மணி, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம். பாதையின் பெரும்பகுதியில் விளக்கு இல்லை, விடியுமுன் கிளம்ப வேண்டாம்.

2011 ஜூன் 30-இல் மலாயா ரயில் நின்றுபோன தடம் இது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கி.மீ. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் மேடு சீராகவே இருக்கும். கியர் இல்லாத சைக்கிளும் போதும்.

டயர்தான் முக்கியம். 25 மி.மீ. ரோடு டயர் பொடிக்கல்லில் திருப்பத்தில் வழுக்கும். 35 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. காற்றையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஆனால் டயரில் எழுதியிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். போனால் கல்லில் ரிம் (சக்கர வளையம்) இடித்து டியூபில் பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும். மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப் அவரவர் கொண்டு வரணும்.

முந்தின ராத்திரி மழை என்றால் புல் ஓரத்தில் ஏறாதீங்க. ரிம் பிரேக்காரர்கள் வீடு திரும்பியதும் பிரேக் கட்டையில் சிக்கிய மணலைத் துடையுங்கள், இல்லாவிட்டால் ரிம்மையே அரித்துவிடும்.

இரும்புப் பாலத்தில் இறங்கித் தள்ளுங்கள். படத்துக்கு நிற்பவர்கள் அதிகம், மணி அடித்தாலும் நகர மாட்டார்கள்!

ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பை தொங்கவிட வேண்டாம், புக்கிட் தீமா குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எம்ஆர்டியில் மடக்கு சைக்கிள் மட்டும்: மடக்கிய பின் 120 x 70 x 40 செ.மீ.க்குள். சேறு இருந்தால் சக்கரத்தை உறையால் மூடணும்.

வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் பெயர் போடுங்க.