விமான விபத்துகளும் ‘ஆங்கிலம் தெரியாததே காரணம்’ என்ற முடிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே ரேடியோப் பேச்சு பிசகியதால் நேர்ந்த விபத்துகளைப் பற்றிய செய்திகளில், ‘ஆங்கிலம் சரியாகத் தெரியாததே காரணம்’ என்ற வரியை அடிக்கடி காண்கிறேன். கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த வரி உண்மையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே சொல்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

விமானிகளுக்கு ஆங்கிலமே தாய்மொழியாக இருந்தும் நேர்ந்த ஒரு விபத்தை முதலில் சொல்ல வேண்டும். 1989 பிப்ரவரி 19 அன்று, ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்கலாம் என்பதைக் கட்டுப்பாட்டாளர் ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று தெரிவித்தார். ஆங்கிலத்தில் ‘டூ’ என்பது இரண்டு என்ற எண்ணையும் குறிக்கும், ‘நானூறுக்கு’ என்பதில் உள்ள ‘-க்கு’ என்ற உருபைப் போலவும் காதில் விழும். ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இரண்டாயிரம் அடி காணாமல் போயிருந்ததைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானிகள் மேலெழவில்லை. மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தனர். இங்கே ஆங்கிலம் தெரியாதவர் யார்?

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நெதர்லாந்தின் கேஎல்எம், அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் உயிரிழந்தனர். வான் போக்குவரத்து வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து நடந்ததில்லை. அருகிலிருந்த கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் அந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி இறங்கியதால் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டு விமானங்களுமே கண்ணில் படவில்லை. புறப்பட்ட பிறகு செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்திருந்தது, ஆனால் அந்த வாசகத்துக்குள்ளும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். ‘நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்று துணை விமானி சொன்னதை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டு, ‘ஓகே’ என்றார். சற்றே இடைவெளி விட்டு, ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றார். அதே கணத்தில், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் வருகிறோம்’ என்று பான் ஆம் விமானமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் இரண்டு குரலும் ஒன்றையொன்று கெடுத்து வெறும் கீச்சொலிதான் மிஞ்சும். கேஎல்எம் விமானியறைக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு ‘ஓகே’ மட்டுமே. அடுத்து வந்த பேச்சைக் கேட்ட ஃப்ளைட் இன்ஜினியர், ‘அவர் இன்னும் விலகவில்லையோ?’ என்று கேட்டும், தலைமை விமானி உறுதியாக மறுத்துவிட்டார்.

இன்று உலகெங்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் அதற்கான அனுமதியைத் தரும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே பேசப்படுகிறது என்றால், மற்ற இடங்களிலெல்லாம் ‘டிப்பார்ச்சர்’ என்று சொல்கிறார்கள் என்றால், அந்த மாலையின் விளைவு அது.

நம் நாட்டில் நடந்ததற்கு வருகிறேன். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். ஆங்கிலக் குறைபாட்டுக்கு இந்த விபத்தைத்தான் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலும், மேலெழுந்துகொண்டிருந்த சவூதி விமானம் 14,000 அடியிலும் இருக்க வேண்டும் என்பதே உத்தரவு. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் டெல்லியிலிருந்து உரிய வாசகத்தில் போயிற்று. தவறு கஜகஸ்தான் விமானக் குழுவினுடையது என்றே நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்த விமானத்தில் ரேடியோவில் பேசியவர் விமானி அல்லர், தனியொரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி கிடையாது. உயரத்தை அறிய விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைய டெல்லி ரேடாரும் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. வருபவையும் போகின்றவையும் ஒரே வான்பாதையைப் பகிர்ந்தன. இவற்றைச் சொல்லாமல் ‘மொழி தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால், வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழி வகுத்ததும், விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியதும் எதற்காக என்று வாசகருக்கு விளங்காது.

விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சர்வதேச விதி 2008 மார்ச் 5 முதல் நடைமுறையில் உள்ளது. தேவையான விதிதான். எனினும், உத்தரவு சொல்லப்பட்டதும் வேலை முடிவதில்லை. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல, சொன்னவர் அதைக் காது கொடுத்துச் சரிபார்த்த பிறகே அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள முடியும். ரீட்பேக் என்று நாங்கள் சொல்லும் அந்த இரண்டாம் பாதி எந்த மொழித் தேர்விலும் அடங்காது. மழைக்கால மாலை ஒன்றில் நான் ஒரு விமானத்துக்குச் சொன்ன உயரத்தை, அழைப்புப் பெயரில் இரண்டு எண்கள் இடம் மாறிய வேறொரு விமானம் தனக்கென்று எண்ணித் திருப்பிச் சொன்னது. உயரம் நான் சொன்னதாகவே இருந்ததால் என் காது அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த சக ஊழியர் என் கையைத் தட்டி, ‘சார், பேரு வேற’ என்றிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.

திருப்பிச் சொல்வதும்கூட எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ‘நம்பர் ஒன் (புறப்படும் வரிசையில் முதலாவது), சி ஃபைவ் காத்திருப்பு இடத்துக்குச் செல்லவும்’ என்ற உத்தரவை ஜப்பானியக் கடலோரக் காவல் விமானம் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆனால் ஓடுபாதைக்குள் செல்லவே அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் விமானி கருதிவிட்டார். தரையிறங்கிய பயணிகள் விமானம் அதன் மீது மோதியது. பயணிகள் விமானத்தின் 379 பேரும் தப்பினர், காவல் விமானத்தில் ஐவர் இறந்தனர். அதன் பின் ‘நம்பர் ஒன்’ என்று வரிசை சொல்வதை ஜப்பான் அரசு நிறுத்தி வைத்தது. ஒரு சொல்லின் எடையை அவர்கள் அப்படி மதித்தார்கள்.

ஆகவே நம் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்து உரையாடல் பதிவுகளை விபத்து நடந்த பிறகு மட்டுமல்லாமல் சாதாரண நாட்களிலும் எடுத்துக் கேட்டு, எங்கே ‘ஓகே’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துபோனது, எங்கே ரீட்பேக் கவனிக்கப்படாமல் போனது என்பதை, யாரையும் தண்டிக்கும் நோக்கமின்றி ஊழியர்களோடு பேச வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒருவரிடம் எத்தனை விமானங்களை ஒப்படைப்பது என்பதையும், ஒவ்வொரு பதிலையும் முழுதாகக் கேட்க அவருக்கு நேரம் இருக்குமா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: இனி இத்தகைய விபத்து எங்கு நேர்ந்தாலும், விசாரணை அறிக்கை வெளிவரும் நாளில், யார் எந்தச் சொல்லைச் சொன்னார், மறுமுனையில் அது என்னவாகக் கேட்டது என்ற பகுதியைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்,
சென்னை